சுண்ணாம்புப் பனி

பூக்கண்காட்சிக்கு இன்னும் ஆறு நாள்.
பாத்தி ஓரத்துக் கல் என் கணக்கில்
நூற்றுப் பன்னிரண்டு.
ஒவ்வொன்றுக்கும் இரண்டு பூச்சு,
அளந்து தந்த சுண்ணாம்பு ஒரே வாளி.

அன்றைக்குப் பார்த்து வந்து இறங்கினார்கள்
லீவு முகாம் பிள்ளைகள்.
மேல்பிரிவுப் பிள்ளைகள் ஒரு லொறியில் நின்றபடி,
டவுன் பிள்ளைகள் ஓட்டோவில்.
டிக்கட் இல்லை அவர்களுக்கு;
இறைச்சிக்கடைத் தொடையில் குத்துவது போல
புறங்கையில் ஊதா முத்திரை.
ஒருத்தன் அதை நக்கிப் பார்த்தான்.

புல்லில் கால் வைக்கக் கூடாதென்று
மூன்று பாஷையில் ஒரு பலகை,
வருஷா வருஷம் நான் கழுவுவது.
அதன் மேல் மழைக்கோட்டைத் தொங்கவிட்டு
"உட்காருங்க" என்றார் இவாஞ்சலின் மிஸ்,
புல்லைக் காட்டி.
ஹட்டனில் முதல் பஸ் பிடித்து வருகிறவர்.
குரல் சின்னது.
எதிரே தெரிகிறதை வரையச் சொன்னார்,
அதையே தட்டுத் தடுமாறிச் சிங்களத்திலும்.
தெரிந்தது:
வாத்துக்குளம், சைப்ரஸ் வரிசை,
ஒரு சிவப்புக் கூரை, அதற்கப்பால் மலை.

பதினொன்றரைக்கு மூடுபனி.
முதலில் மலை போனது.
பிறகு கூரை.
பிறகு சைப்ரஸ், ஒவ்வொன்றாய்,
பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புவது மாதிரி.
குளமும் போய்
வாத்துச் சத்தம் மட்டும் மிச்சம்.

"மிஸ், மலையக் காணோம்."
"சரி. காணாமப் போறத வரை."

அங்கேதான் வெள்ளை தீர்ந்தது.
முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு
ஆறு டியூப்.
நெத்மி முறுக்கிப் பிழிந்தாள்.
யுகேஷ் கத்தரியால் பிளந்து உள்ளே வழித்தான்.
ரிஃப்கா, யாரிடமாவது பற்பசை உண்டா என்று கேட்டாள்.
அப்புறம் எல்லாத் தலையும்
என் வாளிப் பக்கம் திரும்பியது.

கேட்கவில்லை யாரும். பார்த்தார்கள், அவ்வளவுதான்.

நான் நாட்கூலி.
வாளி மாநகரசபையுடையது.
கண்ணில் படக் கூடாது, கையில் ஊற்றிக்கொள்ளக் கூடாது,
டேய் நக்கிப் பார்த்தவனே, உனக்குத்தான் சொல்றேன் என்று
யோகட் கோப்பைகளில் வார்த்துக் கொடுத்தேன்.

பூசினார்கள்.
பூசிய இடமெல்லாம் தண்ணீர்.
அடியில் மலை அப்படியே,
இன்னும் கொஞ்சம் பச்சையாய்.
"சுது நே, மாமே!" என்றாள் நெத்மி,
கள்ள நிறை போட்ட கடைக்காரனைப் பார்ப்பது போல.
"ஆமா அங்கிள், வெள்ளையே இல்ல."

பொறுங்க, காய்ந்தால்தான் வெளுக்கும் என்றேன்.
இருபது வருஷம் இந்தக் கல்லுகளில் பார்த்தது.
மிஸ்ஸுக்கும் அது தெரியவில்லை.
எனக்கென்னவோ
அதில் ஒரு சின்னச் சந்தோஷம்.

ரொட்டியும் சம்பலும் பிரித்தார்கள்.
மேலே வெயில் திறந்தது.
சைப்ரஸ் வந்தது, கூரை வந்தது,
மலை வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.
புல்லில் விரித்த தாள்களிலோ
அப்போதுதான் பனி இறங்கத் தொடங்கியது,
ஓரத்திலிருந்து, மெல்ல,
யாரும் கை வைக்காமல்.
முப்பத்தெட்டு மலைகள்
முப்பத்தெட்டு விதமாய்ப் போய்க்கொண்டிருந்தன.
யுகேஷ் வாயில் ரொட்டி
மெல்லப்படாமல் இருந்தது.
மிஸ் சத்தம் போடாதீர்கள் என்றார்,
ஒரு சத்தமும் இல்லாத இடத்தில்.

நாலு மணிக்கு ஓவசியர்.
கல்லை எண்ணினார்.
நூற்று மூன்று வெள்ளை, ஒன்பது கறுப்பு.
"இது என்ன?"
"பனி ஐயா. கல்லு தெரியல."
வானத்தைப் பார்த்தார்; துடைத்துவிட்ட நீலம்.
புல்லைப் பார்த்தார்;
முப்பத்தெட்டுப் பேர் உட்கார்ந்த தடம்,
பக்கத்தில் மிஸ் உட்கார்ந்ததும்.
ஒன்றும் சொல்லாமல்
அரைப் பேர் போட்டுவிட்டுப் போனார்.

வாசலில் ஓட்டோவுக்கு நின்ற ரிஃப்கா
எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும்.
மறுநாள் காலை முத்திரை குத்தும் வரிசையை விட்டு
நேரே என்னிடம் வந்தாள்.
பாதி பிதுக்கிய பற்பசை.
"மத்த ஒம்பது கல்லுக்கு" என்றாள்.